கமான் பட்டை குறுக்கால போவுது!

அது ரோல்ஸ் ராய்ஸ் இல்லைங்க.

இதை ரெண்டு மாசமா எங்க குடும்ப வாட்ஸ்அப் குரூப்புல சொல்லிக்கிட்டே இருக்கேன். ஒருத்தர் காதுலயும் ஏறல. அதான் இங்க வந்துட்டேன். நீங்களாவது கொஞ்சம் உக்காந்து கேளுங்க.

மணலியில எங்க அத்தை வீட்டுக் கூடத்துல, வாசப்படிக்கு நேரா ஒரு பழைய போட்டோ தொங்கும். தேக்குச் சட்டம், உள்ள பழுப்பேறின அட்டை, அட்டைக்கு நடுவுல ஒரு கார். பக்கத்துல என் கொள்ளுத்தாத்தா நிக்கிறாரு, முன் சக்கரத்து மேல ஒரு கை. கார்க் கதவு திறந்திருக்கு. அந்த வாசல்ல ஒரு பொடியன் உக்காந்திருக்கான். அஞ்சு வயசு இருக்கும். அந்தப் பொடியன்தான் என் தாத்தா. அத்தைக்கு அப்பா.

சின்ன வயசுல இருந்து பாக்குற படம். பாத்துப் பாத்தே பாக்காம விட்ட படம்னு சொல்லணும்.

இந்தப் பொங்கலுக்கு வந்த பெரியப்பா பையன் அதைச் செல்போன்ல எடுத்துட்டுப் போனாரு. ஒரு வாரம் கழிச்சு குரூப்புல வந்து விழுந்துச்சு. கலர்ல! கார் செக்கச் செவேல்னு பளபளக்குது. கொள்ளுத்தாத்தா தோள்ல மஞ்சள் துண்டு. கீழ ஒரு வரி: "நம்ம கொள்ளுத்தாத்தாவின் ரோல்ஸ் ராய்ஸ், மணலி". வரிசையா எல்லாரும் கை கூப்பி, இதயம் போட்டு, கண்ணீர் விட்டுட்டாங்க.

எனக்கு சுர்ருன்னு ஏறிடுச்சு.

கோவம் அண்ணன் மேல இல்ல. அந்தச் சிவப்பு மேல. அந்தக் காலத்துல பெரும்பாலும் பயன்படுத்தின போட்டோத் தகடுக்குச் சிவப்பு சரியா உறைக்காது. சிவப்பா இருந்த பொருளும் கறுப்பாத்தான் விழும், நீலமோ வெளுத்துப் போய் வெள்ளை மாதிரி விழும். (பழைய படங்கள்ல வானம் எப்பவும் வெறும் வெள்ளையா இருக்குதே, அதுக்கு இது ஒரு முக்கியமான காரணம்.) அப்போ படத்துல இருக்கிற கறுப்பு, கறுப்பாவும் இருக்கலாம், கருஞ்சிவப்பாவும் இருக்கலாம். மெஷின் ஏதோ ஒண்ணை இஷ்டத்துக்கு எடுத்து அப்பிடுது. அப்பினதும் நம்ம கண்ணு அந்தக் கலரை மட்டும்தான் பாக்குது. ஸ்க்ரூ, விளக்கு, ஆரக்கால், நிழல், எதுவும் கண்ணுல படறதில்ல.

சரி, ரோல்ஸ் ராய்ஸ் இல்லைன்னா என்ன காரு?

குரூப்புல அண்ணன் கேட்டது அதேதான். நியாயமான கேள்வி. எனக்குப் பதில் தெரியல. அன்னிக்கு ராத்திரி ஆரம்பிச்சதுதான் இந்தப் பைத்தியம்.

முதல்ல மூஞ்சியைப் பாத்தேன். அந்தக் காலத்துக் காருக்கு மூஞ்சின்னா ரேடியேட்டர்தான். ரோல்ஸ் ராய்ஸுக்கு அது கிரேக்கக் கோயில் முகப்பு மாதிரி, மேல முக்கோணமா, ஓரமெல்லாம் கத்தி மாதிரி இருக்கும். பழைய மோரிஸுக்குத் துப்பாக்கித் தோட்டா மாதிரி மழுங்கின மூக்கு. பேக்கார்டுக்கு மேல்விளிம்பு அசல் நுகத்தடி வளைவு. ரெனோ காருக்கு முன்னாடி ரேடியேட்டரே கிடையாது, அது இன்ஜினுக்குப் பின்னாடி இருக்கும், அதனால பானட் மூக்கு சரிஞ்சு இறங்கும்.

எங்க படத்துல? மேல்மூலை ரெண்டும் உருண்ட, சாதாரண, கறுப்புச் சதுரம். அதோட தலையில வெயில் பட்டு வெளுத்துக் கிடக்கு. எழுத்து இருந்தாலும் படிக்க வழியில்ல. நம்பர் பிளேட்டைப் பாக்கலாம்னா கொள்ளுத்தாத்தா வேட்டி மறைச்சுக்கிட்டிருக்கு.

ரோல்ஸ் ராய்ஸைத் தள்ளுறதுக்கு அந்த மூலை உருண்டதே போதும். ஆனா அண்ணன் ஒத்துக்கல. "அது ஃபோட்டோ மங்கலா இருக்கு"ன்னுட்டாரு.

அப்போதான் ஸ்கேலை எடுத்தேன். (இந்த வித்தையை நீங்களும் வச்சுக்குங்க, ரொம்ப உபயோகம்.) பழைய படத்துல சக்கரம்தான் அளவுகோல். சக்கரத்தோட உயரத்தை அளந்துக்கோ. முன் சக்கர நடுவுல இருந்து பின் சக்கர நடு வரைக்கும் அளந்துக்கோ. ஒண்ணை ஒண்ணால வகு. படம் பெருசோ சிறுசோ, அந்த விகிதம் மாறாது.

எங்க படத்துல சக்கரம் 15 மில்லிமீட்டர், நடுவுக்கு நடு 48. வகுத்தா 3.2. கார் கொஞ்சம் திரும்பி நிக்குது, அதனால நிஜ விகிதம் இதைவிடக் கொஞ்சம் கூடத்தான் இருக்கும். கூட்டி 3.4, 3.5-ன்னே வச்சுக்குவோம். ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் கோஸ்ட் நீளமான சேஸிக்கு நடுவுக்கு நடு 143.5 அங்குலம், டயர் ஏறக்குறைய 35. விகிதம் நாலைத் தாண்டும். அது பல்லக்கு மாதிரி நீண்ட வண்டி. நம்மது குட்டை.

இதைக் குரூப்புல போட்டேன். ஒரு பதிலும் வரல. அத்தை மட்டும் "சாப்டியா?"னு கேட்டாங்க.

அடுத்து நானும் ஒரு தப்பு வழியில போனேன். அதைச் சொல்லியே ஆகணும், ஏன்னா அந்த வழியில கிடைச்ச சமாசாரம் அவ்வளவு நல்லா இருந்துச்சு.

மெட்ராஸுக்கு வந்த ஆரம்பக் காருங்களைத் தேட ஆரம்பிச்சேன். பழைய மெட்ராஸ் பத்தி எழுதினவங்க திரும்பத் திரும்பச் சொல்றது இது: இங்க பதிவான முதல் வண்டி, எம்.சி.1, சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங்குக்குச் சொந்தம். மெட்ராஸ் துறைமுகத்துக்குத் தலைவரா இருந்தாரே, அவரேதான். எம்.சி.3 நம்பெருமாள் செட்டியாரோட வண்டி, பிரெஞ்சு டி டியான். ஹைகோர்ட்டைக் கட்டின கான்ட்ராக்டர் அவரு. மெட்ராஸ்ல கார் வச்சிருந்த முதல் இந்தியர்னு அவரைத்தான் சொல்றாங்க.

இப்போ இதைக் கேளுங்க. 1912-ல கணித மேதை ராமானுஜன் கிளார்க்கா வேலைக்குச் சேர்ந்தது அந்தத் துறைமுகத்துல. மேல இருந்த துரை, எம்.சி.1 ஸ்பிரிங். ராமானுஜனுக்காக அங்கயும் இங்கயும் கடிதம் எழுதிப் பேசினவர்கள்ல அவரும் ஒருத்தர். 1920 ஏப்ரல்ல ராமானுஜன் கண்ணை மூடினது சேத்துப்பட்டுல ஒரு வீட்டுல. அந்த வீட்டைக் கொடுத்தவரு, எம்.சி.3 நம்பெருமாள் செட்டியார்! மெட்ராஸோட முதல் மூணு நம்பர்ல ரெண்டு நம்பருக்கு நடுவுல அந்த மனுஷனோட வாழ்க்கை நின்னு போயிருக்கு. இதைப் படிச்ச ராத்திரி தூக்கமே வரல.

சந்தோஷத்துல நான் முடிவே பண்ணிட்டேன், எங்க படத்துல இருக்கிறதும் டி டியான்தான்னு. நோட்டுல எழுதி ரெண்டு கோடு வேற போட்டேன்.

காலையில எழுந்து படத்தைப் பாத்தா, எதுவுமே பொருந்தல.

1900-ஐ ஒட்டி வந்த வண்டிங்களுக்கு முன் சீட்டுக்குக் கதவே கிடையாது, முன் கண்ணாடியும் பெரும்பாலும் கிடையாது. விளக்கு பித்தளையில, கார்பைடு போட்டு எரியுற கேஸ் விளக்கு. அதுக்கு ஃபுட்போர்டு மேல ஒரு டப்பா, டப்பாவுல இருந்து குழாய். எங்க படத்துல முன்னாடி கதவு இருக்கு, கண்ணாடி இருக்கு, டப்பா இல்ல, குழாய் இல்ல. பெரிய விளக்கு ரெண்டும் கரண்டு விளக்கு. ஆனா கண்ணாடிச் சட்டத்துக்குப் பக்கத்துல இன்னொரு குட்டி விளக்கு, மண்ணெண்ணெய் விளக்கு மாதிரி, மேல புகை போக ஒரு தொப்பி.

கரண்டு விளக்கும் இருக்கு, மண்ணெண்ணெய் விளக்கும் இருக்கு. காலம் மாறுற நேரத்துல நின்ன வண்டி. எனக்கு அந்தக் குட்டி விளக்கு மேல அப்படி ஒரு பிரியம் வந்துடுச்சு.

இந்த இடத்துல ரெண்டு பேர் மிஞ்சினாங்க. ஒண்ணு ஃபோர்டு மாடல் டி. இன்னொண்ணு ஷெவர்லே 490. (490-ங்கிறது விலை. 490 டாலருக்கு விக்கப்போறோம்னு ஃபோர்டுக்குப் போட்டியாப் பேர் வச்ச வண்டி.) ஃபோர்டுக்கு நடுவுக்கு நடு 100 அங்குலம், ஷெவர்லேவுக்கு 102. டயர் ரெண்டுக்கும் 30 அங்குலம். என் ஸ்கேல் வித்தை இங்க செல்லாது. ரெண்டும் துணிக் கூரை, மர ஆரக்கால், கறுப்பு மூஞ்சி. பத்து நாள் மாத்தி மாத்திப் பாத்தேன். ஒரு நாள் ஃபோர்டு, ஒரு நாள் ஷெவர்லே.

கடைசியில படத்தை பிரிண்ட் போட்டு எடுத்துக்கிட்டு, தெருமுனைக் கமான் பட்டைக் கடைக்கு, அதாவது லாரிக்கு அடியில இருக்கிற ஸ்பிரிங் பட்டையைச் சரி பண்ற கடைக்குப் போயிட்டேன்.

எங்க ஊரைத் தெரியாதவங்களுக்கு: மணலியில 1969-ல இருந்து ரிஃபைனரி ஓடுது. அதனால ரோடு பூரா டேங்கர் லாரி. லாரி இருக்கிற இடத்துல பட்டை உடையும். பட்டை உடைஞ்சா இவரு. முப்பது வருஷமா லாரிக்கு அடியில படுத்துக் கிடக்குற மனுஷன். பழைய காரைப் பத்தி எதுவும் தெரியாது, ஆனா ஒரு வண்டி எதும்மேல உக்காந்திருக்குன்னு அவருக்குத் தெரியும்.

கண்ணாடியைத் தூக்கி நெத்தியில வச்சுக்கிட்டு ரொம்ப நேரம் பாத்தாரு.

"யக்கா, அடியில எங்க?"

"என்ன அடியில?"

"மூஞ்சி, மட்காட் எல்லாம் காமிச்சுட்ட. ஆக்சில் எங்க, பட்டை எங்க? அட்டை மறைச்சுக்கினு கீது பாரு."

ஐயோ! ஆமா! அட்டை! படத்துக்கு நாலு பக்கமும் பார்டர் மாதிரி வச்ச பழுப்பு அட்டை, கீழ் பக்கம் மட்டும் அகலம் அதிகம். முன் சக்கரத்துல பாதியோட படம் நின்னுடும். நான் சக்கரத்தை அளந்ததே பின் சக்கரத்தை வச்சுத்தான். பொறந்ததுல இருந்து பாக்குறேன், அந்த அட்டைக்குக் கீழ இன்னும் படம் இருக்கும்னு ஒரு தடவை கூட எனக்குத் தோணல.

அன்னிக்குச் சாயங்காலமே அத்தை வீடு.

(சட்டத்தைக் கழட்டப் போறவங்களுக்கு ஒரு வார்த்தை. பழைய போட்டோ கண்ணாடியில ஒட்டியிருந்தா பிய்க்காதீங்க. பிரிண்ட்டோட மேல்தோல் கண்ணாடியோட வந்துடும், அப்புறம் படமே கிடையாது. கண்ணாடியோடவே ஸ்கேன் பண்ணுங்க. முகத்தைக் கைவிரலால தொடாதீங்க. பக்கவாட்டுல வெளிச்சம் அடிச்சு ஒரு தடவை பாருங்க, நேர் வெளிச்சத்துல தெரியாத புடைப்பெல்லாம் தெரியும்.)

எங்களுக்கு அதிர்ஷ்டம், ஒட்டல. துரு ஏறின சின்ன ஆணிங்க பன்னெண்டு. அத்தை ஒவ்வொண்ணா வாங்கிச் சுண்டல் கிண்ணத்துல போட்டாங்க. பின்பலகை வந்துச்சு. அட்டையைத் தூக்கினேன்.

கீழ ரெண்டு விரல் அகலத்துக்குப் படம். இத்தனை வருஷம் வெளிச்சமே படாததால மத்த இடத்தைவிடக் கறுப்பா, தெளிவா இருக்கு.

செல்போன்ல எடுத்துப் பட்டைக்கடைக்கு அனுப்பினேன். ஒரு நிமிஷம் ஆகல, கூப்பிட்டுட்டாரு.

"யக்கா! இன்னா இது, பட்டை குறுக்கால போவுது!"

லாரியில கமான் பட்டை நீளவாக்குல இருக்கும், சக்கரத்துக்கு ஒரு கட்டு. ஷெவர்லே 490-லயும் நீளவாக்குதான். எங்க படத்துல, ரேடியேட்டருக்கு நேர் கீழ, இந்தச் சக்கரத்துல இருந்து அந்தச் சக்கரத்துக்கு வில்லைக் கவுத்து வச்ச மாதிரி ஒரே ஒரு பட்டைக் கட்டு. மாடல் டி-க்கு முன்னாடி ஒண்ணு, பின்னாடி ஒண்ணு, ரெண்டும் குறுக்கால. அந்த வண்டி வடிவமே அதுதான். மேடு பள்ளத்துல முன் ஆக்சிலும் பின் ஆக்சிலும் தனித்தனியா சாயணும், உடம்பு முறுக்கிக்கக் கூடாதுன்னு அப்படி வச்சாங்க. அமெரிக்காவுல கிராமத்துச் சேத்து ரோட்டுக்காகச் செஞ்சது, மணலி வண்டிப்பாதைக்கும் சரியா இருந்திருக்கும்.

1908-ல இருந்து 1927 வரைக்கும் ஒன்றரைக் கோடி வண்டி விட்டாங்க. அதுல ஒண்ணு எங்க தெருவுல நின்னிருக்கு!

அப்புறம் எல்லாம் மடமடன்னு வந்து உக்காந்துச்சு. 1916 வரைக்கும் மாடல் டி-க்குப் பித்தளை ரேடியேட்டர். அது வெயில்ல தங்கமா மின்னும். 1917 மாடல்ல இருந்து கறுப்புக் கூடு. 1923-ல ரேடியேட்டரை உசத்திட்டாங்க. எங்களோடது கறுப்பு, உசத்தாதது. அப்போ 1917-க்கும் 1923-க்கும் நடுவுல செஞ்சது. குட்டி மண்ணெண்ணெய் விளக்குக்கும் கணக்கு இருக்கு: 1915-ல இருந்து டி-யோட பெரிய விளக்குக்கு மின்சாரம் இன்ஜின்ல சுத்துற காந்தத்துல இருந்து வரும். வண்டி வேகமாப் போனா பளிச், மெதுவாப் போனா மங்கல், இன்ஜின் நின்னா இருட்டு. அதுக்குத்தான் பக்கத்துல எண்ணெய் விளக்கு. பாட்டரி, செல்ஃப் ஸ்டார்ட்டர் வச்ச வண்டிக்கு அது தேவைப்படல. இது கையால ஹேண்டில் சுத்துற வண்டி. அட்டைக்குக் கீழ அந்த ஹேண்டிலும் தொங்குது.

கலர்? 1914-ல இருந்து 1925 வரைக்கும் மாடல் டி கறுப்பு மட்டும்தான். செக்கச் செவேல் போச்சு.

ஆனா என்னை ஆட வச்சது கதவு.

அமெரிக்காவுல செஞ்ச டி திறந்த காருக்கு இடது பக்கம் முன் கதவு பொய்க்கதவு. தகரத்துல கதவு மாதிரிக் கோடு இருக்கும், திறக்காது. ஸ்டியரிங் அந்தப் பக்கம், டிரைவர் மறுபக்கமா ஏறி நகந்து வரணும். ஆனா இந்தியாவுக்கு வந்த ஃபோர்டு அமெரிக்காவுல இருந்து வரல. பிரிட்டன் தவிர அவங்க சாம்ராஜ்யம் பூராவும் விக்கிற உரிமை கனடா ஃபோர்டு கம்பெனிக்கு, ஒண்டாரியோவுல வாக்கர்வில்ங்கிற ஊரு. அங்க இடதுகை வண்டியும் செஞ்சாங்க, வலதுகை வண்டியும் செஞ்சாங்க. ரெண்டுக்கும் ஒரே உடம்பு போதும்னு ரெண்டு பக்கமும் நிஜக் கதவே வச்சுட்டாங்க.

எங்க படத்துல காரோட இடது பக்கம் தெரியுது. முன் கதவு திறந்திருக்கு. அந்த வாசல்லதான் தாத்தா காலைத் தொங்கப் போட்டு உக்காந்திருக்காரு. ஸ்டியரிங் வட்டம் அந்தப் பக்கம், வலதுல.

அமெரிக்க வண்டியா இருந்திருந்தா அவர் உக்கார அந்த இடத்துல திறப்பே இருந்திருக்காது! அஞ்சு வயசுப் பையன் உக்காந்து, கனடா வண்டின்னு நூறு வருஷம் கழிச்சு எனக்குச் சொல்லியிருக்காரு. அவர் பொறந்தது 1915. அஞ்சு வயசுன்னா 1920. வண்டிக் கணக்கும் அவர் கணக்கும் ஒண்ணா வந்து நிக்குது. நான் கத்தின கத்துல அத்தை அடுப்பை அணைச்சுட்டு ஓடி வந்தாங்க.

    

குரூப்புல எழுதினேன்: "ஃபோர்டு மாடல் டி, கனடாவில் செய்தது, 1917-க்கும் 1923-க்கும் இடையில்." அண்ணன் உடனே, "அப்போ கொள்ளுத்தாத்தாவோட ஃபோர்டு"ன்னு திருத்திப் போட்டாரு.

அதுக்கு நான் இன்னும் பதில் போடல. ஏன்னா அட்டைக்குக் கீழ இருந்தது பட்டை மட்டும் இல்ல.

முன் சக்கரத்துக்குப் பக்கத்துல தரையில மரம் செதுக்குற வாச்சி ஒண்ணு கிடக்கு. அதுக்குப் பக்கத்துல கொட்டாப்புளி, தச்சரோட மரச்சுத்தி. சீவின மரச் சில்லு நாலஞ்சு. இன்னும் உத்துப் பாத்தா, கொள்ளுத்தாத்தா கை வச்சிருக்காரே அந்தச் சக்கரத்துல ஒரே ஒரு ஆரக்கால் மத்ததைவிட வெளுப்பா இருக்கு. பெயிண்ட் அடிக்காத புது மரம்.

எங்க வீட்டு ஆளுங்க தச்சு வேலைக்காரங்க. மாட்டுவண்டிச் சக்கரம் செய்யுறவங்க. கருவேல மரத்தைப் பொளந்து, குடத்துல ஆரக்காலை இறக்கி, வட்டை சேத்து, இரும்புப் பட்டாவைக் காய்ச்சிப் போடுறவங்க. மாடல் டி சக்கரமும் மரம்தானே! பன்னெண்டு ஆரக்கால். குளிர் நாட்டு மரம் நம்ம வெயில்ல காஞ்சு சுருங்கும். ஆரக்கால் லொடலொடன்னு ஆடும், போகப் போக முனகும். கார் வச்சிருந்தவங்க சக்கரத்துக்குத் தண்ணி ஊத்தி ஊறப் போட்டதெல்லாம் உண்டு. அதுக்கும் அடங்கலைன்னா சக்கரம் செய்யுறவன் வீட்டைத்தான் தேடிப் போகணும்.

அவரு காருக்குப் பக்கத்துல நிக்கல. தன் வேலைக்குப் பக்கத்துல நிக்கிறாரு. அந்தக் கை அங்க இருக்கிறது அதனாலதான்.

கார் வாங்கினவங்க பணம் இருந்தா வாங்கிட்டுப் போயிருப்பாங்க. கனடாவுல செஞ்ச சக்கரத்துக்கு, அதுவரைக்கும் பாத்தே இருக்காத அளவுக்கு, மணலியில உக்காந்து கண்ணால அளந்து ஆரக்கால் சீவிப் பொருத்துறது இருக்கே! எனக்கு அந்த ரோல்ஸ் ராய்ஸ் வேணாம். இதுதான் வேணும்.

மறுநாள் படத்தை பிரேம் கடைக்குக் கொண்டு போனேன். பழைய அட்டை வேணாம், முழுப் படமும் தெரியுற மாதிரிப் போடுங்கன்னு சொன்னேன். பெரிய சட்டமாப் போயிடுச்சு, பழைய ஆணியில நிக்கல, புதுசா அடிச்சோம்.

அத்தைகிட்ட பட்டை, கதவு, கனடா எல்லாம் ஒரு பாட்டம் சொல்லி முடிச்சேன். அவங்க கேட்ட மாதிரியே தெரியல. கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு, படத்தோட அடியில, வாச்சிக்குப் பக்கத்துல இருந்த வெறுங்காலையே பாத்துக்கிட்டிருந்தாங்க. இத்தனை வருஷம் அட்டைக்குள்ள இருந்த காலு.

"ஏண்டி, எங்கப்பாவுக்கும் இதே காலுதான். பெருவிரல் இப்படித்தான் தள்ளி நிக்கும்."